சேலையில் ஒரு ரஷ்யப் பாட்டுக்காரி

"அக்கா, மூணாவது ரூமுக்குக் கொஞ்சம் வாங்களேன். ஒரு வயசான அம்மா வந்திருக்காங்க. இங்கிலீஷ் சுத்தமா வரல. கையைக் காட்டவே மாட்டேங்கறாங்க."

கூப்பிட்டவள் திவ்யா. மதுரைப் பிள்ளை. ஓக்லாந்தின் ஒனிஹங்காவில் இருக்கும் எங்கள் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேசையில் வேலை செய்கிறாள். நான் அங்கே இரத்தம் எடுப்பவள்.

குளிர்காலக் காலை. சாப்பிடாமல் வந்தவர்கள் சுவரோரம் முகத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் கோட்டுகளும் ஹீட்டரும் சேர்ந்த ஒரு வாடை. மூன்றாம் அறைக்குள் போனேன்.

நாற்காலியில் பருத்த உடம்போடு ஒரு மூதாட்டி. கோட்டின் மேல் பித்தான் வரை பூட்டியிருந்தார். மடியில் கைப்பை. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால், இரத்தத்தை அல்ல, பையைத்தான் நாங்கள் எடுக்கப் போகிறோம் என்று நினைக்கத் தோன்றும்.

பக்கத்தில் ஒருத்தி எனக்கு முதுகு காட்டி நின்று, கை கழுவும் முறை பற்றிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள். லாரிசா.

"ஹலோ ரஞ்சி" என்றாள்.

இங்கிலீஷில் சொன்னாள். பத்து வருடங்களுக்கு மேல் நானும் அவளும் ரஷ்ய மொழியைத் தவிர வேறெதிலும் கதைத்தது கிடையாது. பிறகு நீண்ட காலமாக எதிலும் கதைக்கவில்லை.

நான் ஸ்டூலை இழுத்து மூதாட்டியின் முன் உட்கார்ந்து, ரஷ்ய மொழியில் காலை வணக்கம் சொன்னேன். "ஒரு சின்னக் குத்துத்தான். நீங்கள் பார்க்கத் தேவையில்லை" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். என் பொட்டைப் பார்த்தார். நரைத்த தலையைப் பார்த்தார். அவர் சொன்னதை என் யாழ்ப்பாணத் தமிழில்தான் என்னால் எழுத முடியும்.

"இந்தப் பாசையை எங்கை படிச்சனி?"

"வரோனிஷில்."

"அதுதானே பார்த்தன். உன்ரை 'க' எங்கடை பக்கத்து ஆக்களின்ரை 'க' மாதிரி இருக்கு."

கையை நீட்டினார். வயதானவர்களின் இரத்தநாளம் விரலுக்கடியில் வழுக்கி ஓடும். பிடித்து வைத்துக்கொண்டு ஊசியைப் போட்டேன். முதல் குத்திலேயே வந்துவிட்டது. குழாய் நிறைந்துகொண்டிருக்கும்போதே அவர் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"இவள்தானே உன்ரை பாட்டுக்காரி? இவளோடை ஏன் நீ கதைக்கிறேல்லை?"

லாரிசா கை கழுவும் படத்தின் பக்கம் திரும்பினாள். நானும் பஞ்சை எடுக்கத் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் அது ஒரு வரியில் சொல்லக்கூடிய கதை அல்ல.

என்ன பாட்டு?

'பாட்டுக்காரி, பாட்டுக்காரி என்று எழுதுகிறீர்கள், என்ன பாட்டு என்று சொல்லவில்லையே' என்று இந்தத் தொடரைப் படிக்கும் சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி.

ரஷ்யர்கள் அதை 'ரமான்ஸ்' என்பார்கள். காதல் பாட்டு என்று நினைப்பீர்கள். பாதி சரி. ஒரு குரல், ஒரு வாத்தியம், அவ்வளவுதான். பியானோ அல்லது கிற்றார். பெரும்பாலும் முடிந்துபோன ஒன்றைப் பற்றி இருக்கும். விட்டுப் போனவர், எரித்துவிட்ட கடிதம், பனியில் மறைந்த வண்டி. கச்சேரி மாதிரிக் கூட்டத்தைப் பார்த்துப் பாடக்கூடாது. ஒரேயொரு ஆளுக்குச் சொல்வது போலப் பாட வேண்டும். மற்றவர்கள் ஒட்டுக்கேட்க வேண்டும்.

நல்லூரில் வாய்ப்பாட்டு படித்து வளர்ந்த என் காதுக்கு முதலில் அது வெறும் முனகலாகத்தான் பட்டது. கமகம் இல்லை. தாளமும் பாடுகிறவரின் மூச்சுக்கேற்ப இழுபடும். இதில் பாட என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

குசினியில் படித்தது

மருத்துவம் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்து, உக்ரேன் பக்கமாக இருக்கும் ரஷ்ய நகரமான வரோனிஷுக்கு நான் போனபோது சோவியத் ஒன்றியம் இன்னும் இருந்தது. என் விடுதி அறைத்தோழி தமாரா, தெற்கே ஒரு சின்ன ஊர்க்காரி. பல் மருத்துவம் படித்தாள். ஏழு தந்திக் கிற்றார் ஒன்று வைத்திருந்தாள்.

மாடிக்கு ஒரு பொதுக் குசினி. ரேடியேட்டரின் மேல் யாருடையவோ கம்பளிக் கையுறைகள் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். தமாரா உருளைக்கிழங்கைப் பொரிக்கப் போட்டுவிட்டு, அது சிவக்கும் வரை ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து பாடுவாள். நான் மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்பேன். வகுப்பில் படித்த ரஷ்யம் வாயில் நிற்கவில்லை. குசினியில் கேட்டது நின்றுவிட்டது.

அதனால் வந்த வினையும் உண்டு. ரஷ்ய மொழியில் கண்ணுக்கு இரண்டு சொற்கள். ஒன்று எல்லோரும் சொல்வது. மற்றது நம் 'நயனம்' போலப் பாட்டில் மட்டும் வருவது. வாய்மொழிப் பரீட்சையில் ஒரு நோயாளியின் வீங்கிய கண்ணை விவரிக்கச் சொன்னார்கள். நான் நயனம் என்றேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது நோயாளியின் கண், காதலியின் கண் இல்லை" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. ஆனாலும் சித்தியடைய வைத்தார்.

அடுத்த ஆண்டு விழாவில் தமாரா என்னைப் பிடித்து மேடையில் தள்ளினாள். அம்மா கொடுத்துவிட்ட மயில்பச்சைப் பட்டுச் சேலை கட்டி, அவளுடைய கிற்றாரோடு ஒரு பாட்டுப் பாடினேன். முடிந்ததும் ஒரு சத்தமும் இல்லை. பிழையாகிவிட்டதாக்கும் என்று இறங்கப் போனேன். பிறகுதான் கைதட்டல் வந்தது. கோட்டுகளை வாங்கி வைக்கும் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, உனக்கு ஆர் என்ன செய்தவன்?" என்று கேட்டார். எனக்கு அப்போது இருபது வயது. ஒருவரும் ஒன்றும் செய்திருக்கவில்லை.

லாரிசா

பட்டம் வாங்கியபோது ஊரில் சண்டை. திரும்பிப் போக வழியில்லை. சிவநேசனைக் கல்யாணம் கட்டி ஓக்லாந்துக்கு வந்தேன். அவர் அப்போது பென்ரோஸில் ஒரு கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இங்கே மருத்துவராகப் பதிய நான் எழுதிய பரீட்சைகள், தவறியது, கடைசியில் இரத்தம் எடுக்கப் படித்தது எல்லாம் முந்தைய வாரங்களில் எழுதியாயிற்று. மறுபடி அழத் தேவையில்லை.

அந்த ஆண்டுகளில் நான் பாடவே இல்லை. மகளுக்குப் பியானோ படிப்பிக்க ஹில்ஸ்பரோவில் ஒரு ஆசிரியை இருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டிப்போனேன். பிள்ளை உள்ளே சுரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஆசிரியை நடுவில் எழுந்து வந்து குழாய் திருத்துகிறவனைத் தொலைபேசியில் இங்கிலீஷில் ஏசினாள். அழைப்பு முடிந்தபிறகு ரஷ்ய மொழியில் இன்னும் நன்றாக ஏசினாள்.

"அந்தக் கடைசிச் சொல்லை நான் எங்கடை விடுதிக் காவலாளியிட்டைக் கேட்டதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் கேட்கிறன்" என்று அதே மொழியில் சொன்னேன்.

அவள் கையிலிருந்த தொலைபேசியை வைக்க மறந்து நின்றாள்.

லாரிசா கார்கிவ்காரி. உக்ரேனில் இருந்தாலும் அங்கே வீட்டு மொழி ரஷ்யம்தான். இசைப்பள்ளியில் படிப்பித்தவள். கணவரோடு இங்கே வந்து, பிறகு தனியாகிவிட்டாள். அடுத்த கிழமை மகளின் பாடம் முடிந்ததும் என்னைப் பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "பாடு பார்ப்பம்" என்றாள். பாடினேன். "சொல்லின்ரை முடிவை விழுங்கிறாய். ஆனா பொய் சொல்லாமல் பாடுறாய். செவ்வாய்க்கிழமை வா" என்றாள்.

டேப் ரெக்கார்டர் எங்கே?

எங்கள் முதல் கச்சேரி ஒரு சிறு மண்டபத்தில், வயதான ரஷ்யர்கள் முன்னிலையில் நடந்தது. அவர்களில் சிலர் சீனாவில் பிறந்து, சிறுபிள்ளைகளாக இங்கே வந்து சேர்ந்தவர்கள். ரஷ்யாவைப் பார்த்ததே இல்லை. சேலையோடு நான் மேடையில் ஏறியதும் ஏதோ பரதநாட்டியம் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் ஒரு மனிதர் எழுந்து வந்து திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். டேப் ரெக்கார்டரைத் தேடுகிறாராம்.

அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். பிறந்தநாள்கள், நூலகங்கள், ஒரு கல்யாணம், வெலிங்டன், கிறைஸ்ட்சர்ச். சேலை கட்டிய பாட்டுக்காரி என்று பெயர் வந்தது. பெரிய புகழ் ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து, கையில் ஸ்பிரிட் மணம் போக முன்பே சேலையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறுகிறபோது நான் வேறு ஆள்.

ஒரு தடவை பொங்கல் விழாவிலும் பாடினேன். அறிவிப்புச் செய்தவர் மலேசியத் தமிழர். "இப்ப நம்ம ரஞ்சி அக்கா ரஷ்யா பாட்டு பாடப் போறாங்க. பயப்படாதீங்கலா" என்றார். சனம் வடையைச் சாப்பிட்டபடியே கேட்டது. இறங்கியதும் ஊர்க்காரர் ஒருவர் வந்து, "பிள்ளை, ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா ஆரோ விட்டிட்டுப் போட்டினம் எண்டு விளங்குது" என்றார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் சிறந்தது.

நின்றது

இங்கே ஒரு கோடை முடிகிற நேரம், கார்கிவில் ரஷ்யக் குண்டு விழத் தொடங்கியது. லாரிசாவின் தாய் அங்கே தனியாக இருந்தார். நான் போனபோது லாரிசா குசினி மேசையில் தொலைபேசியை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் ஒரு நிலக்கீழ் ரயில் நிலையத்தில் போர்வையில் இருப்பதாகச் சொன்னாள். நான் தேத்தண்ணி போட்டேன். அது ஆறியது.

ஒரு கிழமை கழித்து அவள் சொன்னாள். முதல் தடவையாக இங்கிலீஷில் சொன்னாள். உன்மேல் கோபம் இல்லை, ஆனால் இனி இந்தப் பாட்டுகளை என்னால் வாசிக்க முடியாது, விரல் வராது என்றாள்.

நான் வாதாடவில்லை. என் அண்ணா ஒரு காலத்தில் கொழும்பில் வேலை செய்தார். சிங்களப் பாட்டுகளை அவ்வளவு ஆசையாகப் பாடுவார். விடுமுறைக்கு வந்தால் வீடு முழுக்க அதுதான். ஒரு கலவரத்தில் அவர் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. அதற்குப் பிறகு அவர் அவற்றைப் பாடி நான் கேட்டதில்லை. இப்போது கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். இன்றும் பாடுவதில்லை. அவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை.

சில மாதங்கள் கழித்து, ஆல்பனிப் பக்கம் ரஷ்ய விழாக்களை நடத்தும் ஒருவர் கூப்பிட்டார். பெரிய மண்டபம், பியானோவுக்கு வேறு ஆள் இருக்கிறார், இதில் அரசியல் இல்லை, பாட்டு மட்டும்தான் என்றார். நான் வரவில்லை என்றேன்.

"நீங்கள் ரஷ்யர் இல்லையே. உங்களுக்கு இதில் என்ன பிரச்சினை?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த வட்டத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

பிறகு ஒருநாள் கடையில் லாரிசாவின் உக்ரேனிய நண்பி ஒருத்தி வழிமறித்தாள். "நீ எங்கள் ஆளும் இல்லை, அவர்கள் ஆளும் இல்லை. இன்னமும் அந்தப் பாட்டை ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாய்?"

வீட்டுக்கு வந்து சிவாவிடம் சொன்னேன். அவர் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் அது உம்மடை பாட்டில்லை எண்டால், பிறகு அது ஆற்றை பாட்டாம்?" என்றார்.

"தெரியாதப்பா."

"தெரியாட்டி வந்து இறாலை உரியும்."

அவ்வளவுதான். பிரியாவிடைக் கச்சேரி ஒன்றும் நடக்கவில்லை. பென்ரோஸ் பக்கம் வாகன நெரிசலில் நிற்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு எனக்குள் பாடுவேன். லாரிசாவோடு சண்டை ஒன்றும் இல்லை. அழைப்புகள் குறைந்தன. புதுவருடத்துக்கு ஒரு பூப்படம் வந்தது. அடுத்த புதுவருடத்துக்கு அதுவும் வரவில்லை. அவளுக்கு என் குரலே அந்த மொழிதான் என்று எனக்கு விளங்கியது. விளங்கினாலும் நோகாமல் இல்லை. பாட்டு போனதைவிட அவள் போனதுதான் கூட நொந்தது.

நீனா பவ்லோவ்னா

மூன்றாம் அறைக்கு வருகிறேன். தாய் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. நான் பஞ்சை வைத்து அமர்த்திப் பிடிக்கச் சொன்னேன். லாரிசா கடைசியில் உக்ரேனிய மொழியில் ஏதோ சுருக்கமாகச் சொன்னாள். எனக்குப் பாதி விளங்கியது.

தாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப என்னோடையும் இவள் உக்ரேனியம்தான். பள்ளிக்கூடத்திலை படிச்சதை வைச்சுப் பிழை பிழையாக் கதைக்கிறாள். நான் திருத்திறன்."

அவர் பெயர் நீனா பவ்லோவ்னா. வேலை செய்த காலம் முழுக்கக் கார்கிவில் ட்ராம் ஓட்டினவர். மகளிடம் வந்து சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"வியாழக்கிழமை பின்னேரம் வீட்டை வா. நீ பாடுறதை நான் ஃபோனிலைதான் கேட்டிருக்கிறன். நேரிலை கேட்க வேணும்."

நான் லாரிசாவைப் பார்த்தேன். அவள் மறுபடி கை கழுவும் படத்தைப் பார்த்தாள். வீட்டில் அம்மாவுக்கு ஒரு அறை இருக்கிறது, அதற்குள் அவர் விரும்பியவரைக் கூப்பிடலாம் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அவர்கள் போனதும் திவ்யா கேட்டாள். "அக்கா, உங்களுக்கு ரஷ்யன்லாம் தெரியுமா? சொல்லவே இல்ல!"

"ஓம், கொஞ்சம்" என்றேன்.

போவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். "அவள் வாசலிலை நிண்டு வராதை எண்டு சொன்னவளே?" என்று கேட்டார் சிவா. இல்லை என்றேன். "அப்ப போம்" என்றார்.

ஹில்ஸ்பரோ வீடு

வீடு மாறவில்லை. கீழே மனுக்காவ் கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. லாரிசா கதவைத் திறந்து வழிவிட்டாள். தாயின் அறை பின்பக்கம். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே துணி காயப்போடும் கம்பி.

நீனா பவ்லோவ்னா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரி, உதட்டுச் சாயம் பூசியிருந்தார். ஒரு கச்சேரிக்கு வெளிக்கிட்டது போல வெளிக்கிட்டிருந்தார்.

லாரிசா வாசலில் நின்றாள். "அம்மா, அவங்கடை பாட்டு இந்த வீட்டுக்குள்ளை..." என்று தன் உக்ரேனியத்தில் தொடங்கினாள்.

"அவங்கடை பாட்டோ?" தாய் குரலை உயர்த்தவில்லை. "என்ரை ஜன்னலை உடைச்சாங்கள். நான் ஓட்டின ட்ராமைக் கரியாக்கினாங்கள். பக்கத்து வீட்டு வால்யாவைச் சாகடிச்சாங்கள். இனி நான் சமைக்கேக்கையும் பிள்ளையைத் தூக்கேக்கையும் பாடின பாட்டையும் என்ரை கையாலை தூக்கி அவங்களிட்டைக் குடுக்க வேணுமோ? குடுக்கமாட்டன். இது என்ரை. உன்னைத் தொட்டிலிலை போட்டு ஆட்டினதும் இதைப் பாடித்தான்."

லாரிசாவின் கழுத்து சிவந்தது. "உங்களுக்கு அப்பிடி. எனக்கு ஏலாது அம்மா. கேட்டால் எனக்கு அந்த நிலக்கீழ் நிலையம்தான் தெரியுது."

"எனக்குத் தெரியும். நான்தானே அங்கை படுத்திருந்தன்."

இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்தது. நடுவில் நான் கைப்பையோடு நின்றேன்.

லாரிசா ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். என்னைத் தாண்டும்போது, நான் அறையில் இருக்கமாட்டேன், என்னைத் தேடாதே என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

"எந்தப் பாட்டு?" என்று கேட்டேன்.

ரயில் நிலையத்தில் இருவர் பிரியும் பாட்டு ஒன்றைச் சொன்னார் நீனா பவ்லோவ்னா. எங்கள் கச்சேரிகளில் நான் கடைசியாகப் பாடுவது.

பியானோ இல்லை. காரில் முனகியதைத் தவிர வாயைத் திறந்து பாடி ஆண்டுகள் ஆகிவிட்டன. தொடங்கினேன். முதல் வரியிலேயே பிழை தெரிந்துவிட்டது. நாற்பது வயதில் பாடிய சுருதியிலேயே தொடங்கியிருந்தேன். குரலுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. பாட்டு ஏறிக்கொண்டே போகும். இரண்டாம் வரியில் மேல் சுரத்தை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. நீனா பவ்லோவ்னா கண்ணை மூடிச் சொற்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படி நிறுத்துவது? அடுத்த வரியில் குரல் பிளந்துவிடும் என்று தெரிந்துகொண்டே பாடினேன்.

"நிஷ்செ."

ஜன்னலுக்கு வெளியேயிருந்து வந்தது. லாரிசா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, வாயில் ஒரு கிளிப்போடு கம்பியில் விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கிளிப்பை எடுத்துவிட்டு இன்னொரு முறை சொன்னாள்.

"நிஷ்செ, ரஞ்சி."

கீழே, இன்னும் கீழே இறக்கு என்று அர்த்தம். ரஷ்யத்தில் அந்தச் சொல் வேறு மாதிரி முடியும். அவள் சொன்னது உக்ரேனியம். எனக்கு விளங்கியது.

நிறுத்தினேன். இரண்டு சுரம் இறக்கி, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை குரல் இடறவில்லை. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறியது, கடைசி வரியில் இறங்கி அமர்ந்தது. நீனா பவ்லோவ்னா கண்ணைத் திறக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே கூடை வெறுமையாக இருந்தது. லாரிசா இன்னும் கம்பிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.